பழைய விமானம் ஏன் பறக்க வேண்டும்?

சென்ற தவணை முடிவதற்கு முந்திய வாரம் உயர்தர வகுப்பிலே இரண்டாம் உலகப் போரைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆந் திகதி இரவு, இத்தாலியின் தாரந்தோத் துறைமுகத்திலே நங்கூரமிட்டு நின்ற போர்க்கப்பல்களைப் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் தாக்கிய வரலாறு அன்றைய பாடம். விமானத்தின் படத்தை மாணவர்களுக்குக் காட்டினேன். மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டைச் சிறகு; துணி போர்த்த உடல்; மூடியில்லாத இருக்கை; எங்கு நோக்கினும் கம்பியுங் கால்களும். "சேர், இது பட்டம் போலல்லவா இருக்கிறது!" என்றான் ஒருவன். வகுப்புச் சிரித்தது, நானுஞ் சிரித்தேன்.

இந்த வகையிலே ஒன்றை, அது கட்டப்பட்டு எண்பது ஆண்டு கடந்த பின்னரும், இங்கிலாந்திலே பறக்கத்தக்க நிலையிற் பேணி வருகிறார்கள் என்று நான் கூறியபோது, முன்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "மிஞ்சியிருப்பதை ஏன் சேர் பறக்கவிட வேண்டும்? விழுந்து நொறுங்கினால் அதுவும் போய்விடுமே. கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தாலென்ன?" என்றாள். நான் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. மணி அடித்தது என் நற்காலமென்றே அன்று எண்ணினேன். ஏனெனில் என்னிடம் விடை இருக்கவில்லை.

விமானத்தின் பெயர் சுவோட்பிஷ். வாள்மீன் என்று பொருள்படும். ஃபெயரி கம்பனியார் உருவாக்கிய இது 1934ஆம் ஆண்டு ஏப்ரலில் முதன்முதற் பறந்தது. 1936இலே சேவைக்கு வந்தது. ஏறக்குறைய 2,400 விமானங்கள் கட்டப்பட்டன. போர் தொடங்கிய காலத்திலேயே இது பழம்பாணி என்று பேசப்பட்டது. எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 140 மைலை எட்டாது. ஆனால் 1,600 இறாத்தல் நிறையுள்ள டோர்பிடோவை வயிற்றின் கீழே கட்டிக்கொண்டு, ஆடும் கப்பலின் மேற்றளத்திலிருந்து எழும்பவும், நள்ளிரவில் மீண்டு அதே தளத்தில் இறங்கவும் வல்லது. டோர்பிடோ, குண்டு, கண்ணிவெடி, பிற்காலத்தில் ரொக்கெற்றும் றேடாரும் என எதைக் கொடுத்தாலும் சுமக்கும். ஆதலால் மாலுமிகள் இதற்கு 'வலைப்பை' என்று செல்லப்பெயரிட்டனர். சந்தைக்குப் போகும் இல்லத்தரசியின் நூற்பை எப்படி எதையும் ஏற்றுக்கொள்ளுமோ அப்படி!

தாரந்தோவுக்கு இல்லஸ்றியஸ் கப்பலிலிருந்து சென்றவை 21, திரும்பாதவை இரண்டே. மூன்று பெரும் போர்க்கப்பல்கள் அடிபட்டன. 1941 மே 26ஆந் திகதி ஜேர்மனியரின் பிஸ்மார்க் கப்பலுடைய சுக்கானை முடக்கியதும் இவ்வகை விமானமொன்று விட்ட டோர்பிடோவே. ஆயினும் வெற்றிக் கதைகளை மட்டும் படிப்பித்தல் ஆசிரியனுக்கு அழகன்று. 1942 பெப்ரவரி 12ஆந் திகதி, ஆங்கிலக் கால்வாய் வழியே தப்பிச் சென்ற ஜேர்மன் கப்பல்களை மறிக்கப் பட்டப்பகலிலே ஆறு சுவோட்பிஷ்கள் அனுப்பப்பட்டன. ஆறும் வீழ்ந்தன. சென்ற 18 பேரில் 13 பேர் மாண்டனர். தலைமைதாங்கிச் சென்ற எஸ்மண்ட் என்னும் அதிகாரிக்கு விக்ரோறியாச் சிலுவை அவர் இறந்த பின்னரே கிடைத்தது.

இனி, இதனைப் பறக்க வைப்பது எப்படி என்று பார்ப்போம். எனக்கு இப்பகுதியிலேதான் மெய்யான வியப்பு.

இங்கிலாந்தின் சொமசெற் மாகாணத்திலே யோவில்ற்றன் என்னும் கடற்படை விமானத்தளம் உண்டு. அங்கே 1972ஆம் ஆண்டு பழைய கடற்படை விமானங்களைப் பேணிப் பறக்கவிடுவதற்கென்றே ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. அதன் தலைமகன் போல் விளங்கியது எல்.எஸ். 326 என்ற இலக்கமுடைய சுவோட்பிஷ். 1943இலே கட்டப்பட்டது, அத்திலாந்திக் சமுத்திரத்தில் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் பறந்தது. போர் முடிந்து ஏனையவை பழைய இரும்புக்குப் போனபோது இதனை ஃபெயரி கம்பனி வாங்கிப் பேணியது. 1960இலே கடற்படைக்கு மீண்டது. டபிள்யூ. 5856 என்பது மற்றொன்று. அது 1941 ஒக்டோபர் 21ஆந் திகதி முதன்முதற் பறந்தது. உலகிற் பறக்கத்தக்க சுவோட்பிஷ்களுள் மூத்தது அதுவே.

இவ்விமானத்தை எழுப்புவதற்கு விசையை அழுத்தினாற் போதாது. ஆட்கள் ஏறி நின்று, பக்கத்தில் ஒரு கைப்பிடியைச் செருகிக் கிணற்றுத் துலாவோடு மல்லுக்கட்டுபவர் போல் மூச்சிரைக்கச் சுற்ற வேண்டும். உள்ளேயுள்ள பாரமான சில்லொன்று மெல்ல மெல்ல வேகம்பிடித்து ஊளையிடும். தக்க வேகம் வந்ததும் விமானி அச்சில்லை எந்திரத்தோடு இணைப்பார். ஒன்பது உருளைகளைக் கொண்ட பிறிஸ்ரல் பெகாசஸ் எந்திரம் இருமிப் புகை கக்கி விழித்துக்கொள்ளும். விழிக்காவிட்டால் மறுபடியும் சுற்ற வேண்டியதுதான். அந்த எந்திரத்தை இன்று எவருஞ் செய்வதில்லை. ஒரு பாகம் உடைந்தால் எங்கோ ஒரு களஞ்சியத்தில் உறங்கும் பழைய பாகத்தைத் தேட வேண்டும். அல்லது பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டும்.

துணியும் இலேசான காரியமன்று. லினன் சீலையைச் சட்டங்களின்மேற் போர்த்திக் கையால் தைத்து, அதன்மேல் வார்னிசு போன்றதொரு திரவத்தைப் பலமுறை பூசுவர். காயக் காயத் துணி சுருங்கி மத்தளத்தோல் போல் விறைக்கும். சிறகுகளை இணைக்கும் கம்பிகளையோ வீணைத் தந்தியைச் சுருதி கூட்டுமாப்போல் ஒவ்வொன்றாக முறுக்கிக் கோணம் அளந்து சரிசெய்ய வேண்டும். ஒரு கம்பி பிழைத்தால் விமானம் ஒருபக்கம் சாயும்.

எல்லாவற்றுக்கும் மேலான பகை அரிப்பு. சிறகின் முதுகெலும்பு போல் ஓடுவது உருக்குச் சட்டம். அது துணிக்குள் மறைந்திருப்பதால் துரு ஏறுவது வெளியே தெரியாது. டபிள்யூ. 5856இன் சிறகுச் சட்டத்திலே 2003இல் அரிப்புக் கண்டுபிடிக்கப்பட்டது; அன்றே தரையில் நிறுத்தினார்கள். புதிய சிறகுகள் செய்து பூட்டி அது மீண்டும் பறந்தது 2015இலே. ஒரு குழந்தை பிறந்து ஏழாம் வகுப்புக்கு வரும் காலம்! நம்மிலே பலர் கிணற்றடிச் சுவரைத் திருத்துவதற்கே அவ்வளவு பொறுமை காட்டமாட்டோம்.

சுவோட்பிஷுக்கு அடுத்த தலைமுறையான சீ பியூரி என்னும் போர்விமானத்தின் நோய் வேறுவகை. அதன் எந்திரத்தில் 18 உருளைகள் வட்டமாக அமைந்துள்ளன. விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கீழுள்ள உருளைகளிலே தேங்கும். எண்ணெய் காற்றுப்போல் அமுங்காது. அதை அறியாது எந்திரத்தை முடுக்கினால் உட்தண்டுகள் வளைந்து முறியும். ஆகவே முதலிற் பொறிவிசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றித் தடை தட்டுகிறதா என்று உணர்ந்து பார்ப்பார்கள். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். திரவம் அமுங்காது என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த உதாரணம் கிடையாது.

மேற்கூறிய கடற்படைப் பிரிவு 2019 மார்ச்சில் கலைக்கப்பட்டது. விமானங்கள் ஓர் அறநிதியத்திடம் கையளிக்கப்பட்டுக் குடியியல் விமானப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. செலவு இனிப் பொதுமக்களின் நன்கொடையைச் சார்ந்தது. அரசின் கையிலிருந்து நழுவியது இழப்பா, பேறா என்று எனக்குத் தீர்மானிக்க இயலவில்லை. போர்ச் செலவுக்குக் கணக்குப் பாராத அரசுகள் நினைவுச் செலவுக்கு மட்டும் சதக்கணக்குப் பார்ப்பதை எல்லா நாட்டிலுங் காண்கிறோம்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அவள் அஞ்சியது வீண் அச்சமன்று. 1989இல் இப்பிரிவின் சீ பியூரி ஒன்று, சக்கரக் கால் இறங்க மறுத்தமையால், ஸ்கொத்லாந்துக் கரையோரம் கடலில் விழவிடப்பட்டது. விமானி குடையிற் குதித்துத் தப்பினார். 2003 யூலை 12ஆந் திகதி டக்ஸ்பேட் என்னுமிடத்தில் நடந்த காட்சியிலே பயர்பிளை என்னும் விமானம் வீழ்ந்து, அதிலிருந்த இருவரும் மாண்டனர். போர்க்காலத்திற் கடமைக்காக இறந்தவர்களை நினைவுகூரப் போய், அமைதிக்காலத்தில் இன்னும் இருவர் இறந்தார்கள். அவர்கள் வீட்டாரிடம் மரபுரிமையின் மாண்பைப் பற்றி எவர் பேசுவார்? நான் பேசமாட்டேன்.

ஆயினும் மற்றப் பக்கமும் எனக்குத் தெரியும். வடக்கிற்குப் பெற்றோல் வராத 1990களிலே நான் பள்ளி மாணவன். எங்கள் ஒழுங்கை முகப்பிலே ஒரு சிறு கராச் இருந்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் அங்கே வந்து நிற்கும். மெக்கானிக் அண்ணர் காபுரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு எந்திரத்தை எழுப்பி, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பாகமில்லாவிட்டால் அராவிச் செய்வார். காதைச் சாய்த்து எந்திரத்தைக் கேட்டே நோய் சொல்வார். எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை, அவரும் எழுதவில்லை. அவர் காலமானபின், அவர் ஓட்டித்திரிந்த மொறிஸ் மைனர் வளவு மூலையிலே நின்றது. பெட்டைக்கோழி ஒன்று பின்னிருக்கையில் அடைகிடந்தது. கார் அழியவில்லை, இன்றும் இருக்கிறது. அதை எழுப்பத் தெரிந்த கைதான் இல்லை.

யோவில்ற்றன் தொழிலாளர் காப்பாற்றுவதும் இந்தக் கையைத்தான். துணி தைக்கவும் கம்பி முறுக்கவும் ஓர் இளைஞன் ஏன் கற்க வேண்டும்? அந்த விமானம் நாளை மனிதனைச் சுமந்து எழப்போகிறது என்றால் மாத்திரமே கற்பான். நிற்கும் விமானத்தின் துருவுக்கு வர்ணம் பூசினாற் போதும். பறக்கும் விமானத்தில் அது செல்லாது.

இக்கதையிலே நமக்கென்ன என்று கேட்போரும் உளர். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவ்வேளை திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து இரத்மலானை நோக்கி ஆறு சுவோட்பிஷ்கள் டோர்பிடோக்களைச் சுமந்தபடி வந்துகொண்டிருந்தன. யப்பானியரின் சீரோ விமானங்கள் அவற்றைக் கண்டன. ஆறும் வீழ்த்தப்பட்டன. நான்கு நாட்களின் பின், தன் விமானங்களைக் கரையில் விட்டு வெறுமனே சென்ற ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனோடு போயினர். அவர்கள் காத்தது தங்கள் பேரரசை. நம்மை அன்று என்பது மெய்யே. ஆயினும் அவர்கள் விழுந்த மண்ணும் கடலும் நம்முடையவை.

அன்று காலை இரத்மலானையிலிருந்து புல்மார் என்னும் கடற்படைப் போர்விமானங்களும் எழும்பிச் சண்டையிட்டன. அந்த வகையில் இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. 1940 சனவரியில் முதன்முதற் பறந்த விமானம் அது. யோவில்ற்றனிலேயே கடற்படை விமான அருங்காட்சியகத்தினுள் நிற்கிறது. அதை எவரும் பறக்கவிடுவதில்லை, விடவுங் கூடாது. சுவோட்பிஷின் நிலை வேறு. அதே அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. இலண்டன் போர் அருங்காட்சியகத்தாரிடமும் கனடாவிலும் வேறு சில உள்ளன. நிற்பதற்குச் சில இருப்பதனாலேயே பறப்பதற்கு ஒன்றை ஒதுக்க முடிகிறது. ஆகவே அந்த மாணவி கேட்டதிற் பாதி சரி. ஒன்றேயானால் கண்ணாடிக்குள்தான் இருக்க வேண்டும். மற்றப் பாதிக்கு என் விடை மேலே சொன்ன கோழிக்கதை.

விடுமுறை முடிந்து வகுப்புத் தொடங்கும் நாளில் புல்மாரின் படத்தையும் சுவோட்பிஷின் படத்தையும் பக்கம்பக்கமாகக் கரும்பலகையில் ஒட்டப்போகிறேன். இம்முறை பாடவேளையின் தொடக்கத்திலேயே அவளைப் பேசவிட வேண்டும். மணி அடிக்க நாற்பது நிமிடம் இருக்கும்.