ஸ்டிக்கரைப் பார்த்து கம்ப்யூட்டர் வாங்காதீங்க!

வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள்.

பட்டுப்புடவை என்றால் மடிப்பை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, முந்தானையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறப்போம். அதே நாம் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் வாயடைத்துப் போகிறோம். கடைப் பையன் ராம், ஜி.பி., ஐ-5 என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், "சரி கண்ணு, நீயே நல்லதா ஒண்ணு குடு" என்று விட்டுவிடுகிறோம். புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிற நாம் இதற்கு ஏன் இப்படி பயப்பட வேண்டும்?

முதலில் என்ன வேலை என்று முடிவு செய்ய வேண்டும். அப்புறம் அந்த வேலைக்கு எந்த சாஃப்ட்வேர் என்று பார்க்க வேண்டும். பெட்டியை கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் எல்லாமே தலைகீழ்!

எங்கள் தெருவில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்று இருக்கிறது. பாங்க் கடன் கிடைத்ததும் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினார்கள். ஒரு கடையில் ரூ.72,000-க்கு கொட்டேஷன் வாங்கி வந்து என்னிடம் காட்டினார்கள். அதில் தனி கிராபிக்ஸ் கார்டு வேறு! விளையாட்டுக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும் வேண்டிய சாமான் அது. இவர்களுக்கு வேலை, தினம் இருபது, முப்பது பில், கடன் நோட்டு, பாக்கெட்டில் ஒட்ட லேபிள், மாதம் ஒரு தடவை ஆடிட்டருக்குக் கணக்கு. அவ்வளவுதான். நானே போனில் கேட்டேன், "மிளகாய்ப் பொடி பில்லுக்கு கிராபிக்ஸ் கார்டு எதுக்குங்க?" என்று. "இருந்தா பின்னாடி உதவுமுங்க்கா" என்றார் அந்தக் கடைக்காரர். கடன் தவணையை அவரா கட்டப் போகிறார்?

அதே கொட்டேஷனின் அடியில் பேனாவால் 'ஆபீஸ் ஃப்ரீ' என்று எழுதியிருந்தது. இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்பேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேரை சும்மா போட்டுத் தருகிறார்கள் என்றால் பெரும்பாலும் அது திருட்டுக் காப்பி. பில்லில் வராது, நாளைக்குக் கேட்கவும் முடியாது. அதைத் திறக்க அவர்கள் போடுகிற குட்டி புரோகிராமோடு வைரஸும் உள்ளே வரலாம். தெரிந்தே பயன்படுத்தினால் சிறையும் அபராதமும் உண்டு என்று 1957-ம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சொல்கிறது. புது லேப்டாப்பில் கம்பெனியே ஒரு மாத இலவசம் என்று தருவதும் உண்டு. அது நேர்மையானதுதான். ஆனால் மாதம் முடிந்ததும் சந்தா கட்டாவிட்டால் பழைய ஃபைலைப் பார்க்கலாம், திருத்த முடியாது. எனவே 'ஃப்ரீ' என்றால், "எத்தனை நாளைக்கு? பில்லில் எழுதித் தருவீங்களா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

உண்மையிலேயே இலவசமாக ஒன்று இருக்கிறதே, லிப்ரே ஆபீஸ்! 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. கடிதம் எழுத ரைட்டர், கணக்குக்கு கால்க், இரண்டும் அதில் உண்டு. பி.டி.எஃப். ஆக மாற்ற ஒரு பட்டன் போதும். நான் வருஷக்கணக்காக அதில்தான் வேலை செய்கிறேன். குறை இல்லாமல் இல்லை. மைக்ரோசாப்ட் வேர்டில் கட்டம் கட்டி அலங்காரமாகச் செய்த ஃபைலைத் திறந்தால் சில சமயம் வரி நகர்ந்துவிடும். எக்ஸெலில் மேக்ரோ எழுதிய ஃபைல் சரியாக ஓடாமல் போகலாம். ஆடிட்டரும் வெளியூர் கம்பெனியும் தினமும் அப்படிப்பட்ட ஃபைல்தான் அனுப்புவார்கள் என்றால் மைக்ரோசாப்ட் ஆபீஸையே காசு கொடுத்து வாங்குங்கள், தப்பில்லை. வருஷ சந்தாவா, ஒரே தடவை கட்டுவதா என்று மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டாலி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம் சேர்ந்து வரும்போது அது தேவைதான். முப்பது பில்லுக்கு கால்க் போதும். டைப்பிங் சென்டரில் படித்த பெண்கள், "டாலி எங்கிட்ட ஃப்ரீயாவே இருக்குதே" என்பார்கள். அது படிப்பதற்கான எஜுகேஷன் மோட். மாதத்தில் 1, 2, 31 தேதிகளுக்குத்தான் கணக்கு ஏற்ற விடும். கடைக்கு அது ஆகாது.

இனி பெட்டிக்கு வருவோம். ஐ-5 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். அது எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஐ-5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ-5-1135 என்றால் பதினொன்று. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெட்டிகளில் முறைப்படி போட முடியாது. அதனால் பழைய ஐ-5 பெட்டிகளை மலிவு என்று நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று மறக்காமல் கேளுங்கள். ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, அதனால் சட்டென்று திறக்கும். வீட்டில் கிடக்கும் பழைய பெட்டி நத்தை மாதிரி நகர்கிறது என்றால் தூக்கிப் போடாதீர்கள். எஸ்.எஸ்.டி. மாற்றி, ராம் 8 ஜி.பி. ஆக்கினாலே பிழைத்துக் கொள்ளும். என் மகள் படிப்பது அப்படி மாற்றிய பெட்டியில்தான். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் யு.பி.எஸ். கட்டாயம். லேப்டாப் அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

தமிழ் விஷயத்தை யாரும் சொல்வதே இல்லை! லேபிள், நோட்டீஸ் அடித்துத் தருபவர்களில் சிலர் இன்னமும் பழைய எழுத்துருவிலேயே அடிக்கிறார்கள். அந்த ஃபைலை நம் வீட்டில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றாகிவிட்டது. யூனிகோடில் அடித்தால்தான் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரே மாதிரி தெரியும். கடைக்குப் போகும்போது உங்கள் பில்லையும், ஒரு தமிழ் லேபிளையும் பென் டிரைவில் கொண்டு போங்கள். அங்கேயே திறந்து, ஒரு வரி தமிழில் அடித்து, பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

அந்தக் குழுவினர் கிராபிக்ஸ் கார்டை எடுக்கச் சொல்லி, லிப்ரே ஆபீஸோடு, வேறு கடையில் வாங்கினார்கள். மிச்சமான பணத்தில் பாக்கெட் ஒட்டும் மிஷின் வந்துவிட்டது. பிரிண்டர் மட்டும் இன்னும் வாங்கவில்லை. மையைத் தனியே ஊற்றும் டேங்க் வகைதான் லேபிளுக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒன்று விட்டுப் போச்சு. தொழிலுக்காக வாங்கி, ஜி.எஸ்.டி. பதிவும் இருந்தால் உங்கள் எண்ணைச் சொல்லி பில் போடச் சொல்லுங்கள். நீங்கள் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

- ஒரு வாசகி, ஈரோடு.