செருப்பு போட்டுக்கிட்டா சரியாயிடுமா?



போன வாரம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன. மாவாட்டப் போன வேலைக்காரப் பெண்ணிடம் வீட்டுக்காரம்மா சொல்கிறார்: "கிரைண்டர் லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கோ." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டுப் பையன், என்னிடமே படித்தவன், சிரிக்கிறான். "பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைத் தொட்டாக்கூட சுரீர்னு அடிக்குது சார். யாராவது செத்தாங்களா?"

தப்பு என்னுடையதும்தான். வருஷா வருஷம் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை ஒட்ட வைத்துக் காட்டினேன். "நிலைமின்சாரம், மின்னோட்டம் வேறுபடுத்துக" என்று கேட்டு மார்க் போட்டேன். அது பரீட்சைக்கான வேறுபாடு மட்டுமல்ல என்று அழுத்திச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாற்காலி ஷாக்கில் வோல்ட் பல ஆயிரம் இருக்கும். ஆனால் உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் கடுகளவு, ஒரே பொறியோடு தீர்ந்துவிடும். மொட்டை மாடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழுகிற மாதிரி. கிரைண்டரில் 230 வோல்ட்தான். ஆனால் அதற்குப் பின்னால் மின்நிலையமே நிற்கிறது, தொட்டிருக்கும்வரை பாயும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, கையை எடுக்க முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஈரக் கை, ஈரத் தரை என்றால் உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். 230 மில்லி ஆம்பியர் வருகிறதா? ஓம் விதிக்கு அன்றைக்கு ஐந்து மார்க் வாங்கினீர்களே!

"லேசா அடிக்குது" என்றால் இன்றைக்குத் தரை காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். செருப்பு நனைந்தால்?

பிளக்கைப் பார்த்தேன். தடித்த மூன்றாவது பின்னை உடைத்து ரெண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். கசியும் மின்சாரம் ஆள் மேல் பாயாமல் மண்ணுக்குப் போகிற வழியே அதுதான். மாடுலர் கிச்சனுக்குப் பணம் இருக்கிறது, பச்சைக் கம்பிக்கு இல்லையாம்!

"எம்.சி.பி. இருக்கே சார்" என்கிறான். 16 ஆம்பியர் எம்.சி.பி. உங்கள் வயரைக் காப்பாற்றத்தான். கால் ஆம்பியரில் ஒரு ஆள் போவது அதற்குத் தெரியாது. போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே அணைத்துவிடுகிற ஆர்.சி.சி.பி. வேண்டும். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். இன்றைக்கே அமுக்கிப் பாருங்கள். அணையவில்லை என்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். என் மேல் கோபமாம். இருக்கட்டும்.