ஏழை வீட்டுச் சூப்பு என்று எண்ணாதீர்கள்!



இந்த மாதம் இத்தாலி நாட்டுச் சூப்பு ஒன்றைச் சொல்லித் தரப் போகிறேன். உடனே, "நமக்கு எதற்கம்மா வெள்ளைக்காரர் சாப்பாடு? பட்டர் என்பீர்கள், சீஸ் என்பீர்கள், சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும்" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள்! நான் சொல்லப் போவது பணக்காரர் மேசையில் வைக்கும் சூப்பு அன்று. மண்வெட்டி பிடித்தவர்களும், வயலில் குனிந்து களை பறித்தவர்களும் குடித்து வளர்ந்த சூப்பு. அதில் போடும் சாமான்களில் முக்கால்வாசி இப்போதே உங்கள் வீட்டில் இருக்கும்.

இத்தாலியர் இதை 'மினெஸ்ட்ரோனே' என்கிறார்கள். 'பெரிய சூப்பு' என்று பொருள். பயறு, காய்கறி, கீரை, கூடவே ஒரு பிடி அரிசியோ மக்கரோனியோ போட்டு, கரண்டி நிற்கும்படி கெட்டியாகக் காய்ச்சுவார்கள். இதற்கென்று ஒரே கணக்கு கிடையாது. தோட்டத்தில் அன்று என்ன விளைந்ததோ அதுதான் அன்றைய சூப்பு.

ரோம் நகரத்துக் கொலொன்னா அரண்மனைக் காட்சிக்கூடத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. அன்னிபாலே கராச்சி என்ற ஓவியர் 1580களில் தீட்டியது. வைக்கோல் தொப்பி போட்ட ஓர் உழைப்பாளி, ஒரு கையில் ரொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கரண்டிப் பயற்றை வாய்க்குக் கொண்டு போகிறார். யாரோ கூப்பிட்டது போல நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். கரண்டியிலிருந்து சாறு சொட்டுகிறது. 'பயறு தின்பவன்' என்பதுதான் அந்தப் படத்தின் பெயர். அந்தக் கிண்ணத்தில் இருப்பது என்ன பயறு என்று நினைக்கிறீர்கள்? கறுப்புக் கண் வைத்த நம் தட்டைப்பயறுதான் என்று பலரும் சொல்கிறார்கள். இன்று இத்தாலியில் அதிகம் சமைக்கும் வெள்ளை, சிவப்பு பீன்ஸ் வகைகளெல்லாம் 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஏன், நம் சம்பலில் இடிக்கும் மிளகாயும் அதே வழியில் வந்ததுதானே! ஆனால் தட்டைப்பயறு அதற்கெல்லாம் முன்பே அந்த நாட்டில் இருந்தது. ஆகவே, சகோதரிகளே, இந்தச் சூப்பு நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை.

'பயறு தின்னிகள்' என்று இத்தாலியின் தொஸ்கானா பகுதி மக்களை மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. அவர்கள் கோபித்துக் கொள்ளவில்லை. "ஆமாம், அப்படித்தான்" என்று அந்தப் பெயரைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார்கள். நம் வீட்டில் எப்படி? பள்ளிக்கூடத்துக்குப் பயறு கட்டிக் கொடுத்தால், "கூட்டாளிகள் சிரிக்கிறார்கள் அம்மா" என்று பிள்ளை அப்படியே திருப்பிக் கொண்டு வருகிறது. அவசரத்துக்குப் பாக்கெட் மீயில் சுடுநீரை ஊற்றிக் கொடுத்தால் மங்கு காலியாகிறது. நாமும், "வயிறு நிறைந்ததே, அது போதும்" என்று இருந்து விடுகிறோம்.

வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு. இதை இத்தாலியின் வடக்கே இருந்த ஏழை விவசாயிகள் தங்கள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். விளைந்த கோதுமை விற்பனைக்குப் போய்விட, அவர்களுக்குக் கிடைத்தது சோளமாவுக் கூழ். காலையிலும் அதுதான், இரவிலும் அதுதான். வயிறு நிறைந்தது. ஆனால் தோல் வெடித்துக் கரடுமுரடாகியது, வயிற்றுப்போக்கு கண்டது, புத்தி தடுமாறியது, பலர் மாண்டும் போனார்கள். 1771 ஆம் ஆண்டு மிலான் நகர மருத்துவர் பிராபோல்லி இந்த நோயைப் 'பெல்லாக்ரா' என்று குறித்தார். 'கரடுமுரடான தோல்' என்று பொருள். காரணம் கிருமி அன்று, உணவில் ஒரு சத்துக் குறைவு என்பது 20 ஆம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. அந்தச் சத்து நியாசின் என்ற வைட்டமின். சோளத்தில் அது இருந்தாலும், வெறுமனே அரைத்துக் காய்ச்சினால் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. கூழோடு பயறும், கொஞ்சம் பாலோ இறைச்சியோ சேர்ந்திருந்தால் அத்தனை பேர் வீணாகப் போயிருக்க மாட்டார்கள்.

அதே வடக்கு இத்தாலியில் வெர்செல்லி, நொவாரா என்ற ஊர்களைச் சுற்றி நெல் வயல்கள் உண்டு. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் ஏழைப் பெண்கள் கூட்டங்கூட்டமாக அங்கே களை பறிக்க வருவார்கள். ஏறத்தாழ 40 நாள் வேலை. முழங்கால் தண்ணீரில், முதுகை வளைத்தபடி, வெயிலோடும் கொசுவோடும் நிற்க வேண்டும். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று 1906 ஆம் ஆண்டில் வெர்செல்லியில் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. இவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் சோறும் பயறும்தான். அரிசியும் பயறும் சேர்த்துச் சமைக்கும் 'பனிஸ்ஸா' இன்று வெர்செல்லி நகரத்தின் பெருமைக்குரிய பதார்த்தம். உணவகங்களில் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்!

அரிசியும் பயறும் நல்ல ஜோடி. அரிசியின் புரதத்தில் குறைவதைப் பயறு ஈடுகட்டும். பயற்றில் குறைவதை அரிசி ஈடுகட்டும். காய்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் உண்டு. சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில், கோழி வாங்க முடியாதபோது, இதைவிட வேறென்ன வேண்டும்?

சரி, அடுப்புக்கு வருவோம்.

தேவையான பொருள்கள் (ஆறு பேருக்கு)

தட்டைப்பயறு - 250 கிராம்
பெரிய வெங்காயம் - 2
கேரட் - 2
டவுன் சூப் - ஒரு சிறு கட்டு
பூண்டு - 4 பல்
தக்காளி - 3
உருளைக்கிழங்கு - 2
மஞ்சள் பூசணி - ஒரு கீற்று
முட்டைக்கோஸ் - கால் பாகம்
பயற்றங்காய் - 10
கீரை - இரண்டு கைப்பிடி
அரிசி - ஒரு கைப்பிடி (அல்லது மக்கரோனி 100 கிராம்)
எண்ணெய் - 3 மேசைக்கரண்டி
உப்பு, மிளகுத்தூள் - தேவைக்கு

செய்முறை

பயற்றை முதல் நாள் இரவே கழுவி ஊற வையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். அதுதான் பதம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சூப்புக்கு வேண்டும். தக்காளியை இப்போது சேர்க்காதீர்கள். புளிப்புப் பட்டால் பயறு சீக்கிரம் வேகாது.

பெரிய பானையில் எண்ணெயை ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், டவுன் சூப் தண்டு மூன்றையும் போடுங்கள். இதற்கு இத்தாலியர் 'சொஃப்ரித்தோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தாளிப்புப் போலப் படபடவென்று வெடிக்கக் கூடாது. தீயைக் குறைத்து, 15 நிமிடம், கருகாமல், வெங்காயம் கண்ணாடி போல ஆகும் வரை வதக்க வேண்டும். சூப்பின் ருசி முழுவதும் இந்த 15 நிமிடத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட்டீர்களானால் வெறும் காய்கறித் தண்ணீர்தான் மிஞ்சும்.

பூண்டைத் தட்டிப் போட்டு, வாசம் வந்ததும் தக்காளியைச் சேர்த்து வதக்குங்கள். பிறகு உருளைக்கிழங்கு, பூசணி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கால் மணி நேரம் சென்றதும் முட்டைக்கோஸ், பயற்றங்காய், அரிசி சேருங்கள். வெந்த பயற்றில் பாதியை மத்தால் கடைந்து, மீதியை முழுதாக, அதன் தண்ணீரோடு பானையில் ஊற்றுங்கள். கடைந்த பயறுதான் சூப்பைக் கெட்டியாக்கும். மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. இன்னும் 20 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். கடைசியில் கீரையும் உப்பும் மிளகும். இறக்கிய பின் டவுன் சூப் இலையை நறுக்கித் தூவுங்கள்.

இத்தாலியர் மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பாலாடைக்கட்டியைத் துருவிப் போடுவார்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை. நான் எலுமிச்சை பிழிந்து கொள்கிறேன். தக்காளியிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி, பயற்றின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். ஆனால் ஒன்று: சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த இரும்புச்சத்தைத் தேநீர் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். தலைச்சுற்றல், அசதி என்று கிளினிக்குக்குப் போய், 'இரத்தம் குறைவு' என்று கேட்டு வரும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.

நான் பட்ட பாடு

தட்டைப்பயறு கிடைக்காவிட்டால் கொண்டைக்கடலை போடலாம். பெரிய சிவப்பு பீன்ஸும் போடலாம். கடைகளில் ராஜ்மா என்று விற்பது அதுதான். அதைப் போடுகிறவர்கள் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், மகள் வாங்கிக் கொடுத்த மின்சாரப் பானையில், ஊற வைக்காத சிவப்பு பீன்ஸைப் போட்டு, குறைந்த சூட்டில் இரவு முழுதும் விட்டுவிட்டேன். "விடிந்தால் சூப்பு தயார்" என்று பெருமை வேறு! காலையில் பார்க்க வெந்தது போலத்தான் இருந்தது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் நானும் வீட்டுக்காரரும் பேரப்பிள்ளைகள் இருவரும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். சின்னவன் துவண்டு என் மடியில் கிடந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீன்ஸை நன்றாகக் கொதிக்க வைத்தீர்களா?" என்பதுதான்.

பச்சைச் சிவப்பு பீன்ஸில் ஒரு நச்சு இருக்கிறது. நாலைந்து பீன்ஸே போதும், ஆளைப் படுக்க வைத்துவிடும். இளஞ்சூட்டில் அது அழியாது. அரைவேக்காடு பச்சையைவிடக் கெடுதல். ஆகையால் குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே தீயைக் குறையுங்கள். பிரஷர் குக்கரிலும் வேக வைக்கலாம். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது; உப்புப் போக அலசிப் போட்டால் போதும்.

மிஞ்சினால்?

தொஸ்கானாவில் மிஞ்சிய சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுநாள் மீண்டும் கொதிக்க வைப்பார்கள். 'ரிபொல்லித்தா', அதாவது 'மறுபடி காய்ச்சியது' என்று அதற்குப் பெயர். முதல் நாளைவிட மறுநாள்தான் ருசி என்பார்கள். நம் வீட்டில் காய்ந்துபோகும் ரொட்டித் துண்டுகளுக்கும் இதுவே நல்ல வழி. ஆனால் நம் ஊர் வெயிலில் சூப்பை வெளியே வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். பூசணம் பிடித்த ரொட்டியைத் தூக்கி எறியுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் அரிசியையும் உருளைக்கிழங்கையும் குறைத்து, பயற்றையும் கீரையையும் கூட்டிக் கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடிப்பானையில் ஒட்டியதைச் சுரண்டிச் சாப்பிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்வது பெரும்பாலும் நம்மைப் பார்த்துத்தானே? இந்தச் சூப்பைக் காய்ச்சும் நாளில் மட்டுமாவது, கரண்டியை எடுத்ததும் முதல் மங்கு உங்களுக்கு ஊற்றுங்கள். பயறு நிறைய விழும்படி ஊற்றுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும்; ஒன்றும் கெட்டுப் போகாது!

அடுத்த மாதம் சந்திப்போம்.