தைராய்டுப் புற்றுநோய்: ஒருவர் முடிவு போதுமா?

தைராய்டில் புற்றுநோய் என்று தெரியவந்ததும் உறவினர் கூறும் முதல் ஆறுதல், ‘இது புற்றுநோய்களிலேயே நல்ல வகை’ என்பதாகும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பத்தில் எட்டுப் பேருக்கு வருவது பாப்பில்லரி என்னும் வகை. பெரும்பாலும் மெல்ல வளர்வது, முறையான சிகிச்சைக்குக் கட்டுப்படுவது. ஆனால் இந்த ஆறுதலே, ‘எளிய நோய்தானே, யாரேனும் ஒருவர் அறுத்தெடுத்தால் போதும்’ என்ற எண்ணத்துக்கும் இடமளித்துவிடுகிறது. இதை நான் ஏற்கவில்லை. நோய் மெதுவாக வளர்வதால்தான், கத்தி படுமுன் பல துறையினரும் கூடி ஆலோசிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. (அனாப்பிளாஸ்டிக் என்னும் அரிய வகை இதற்கு விதிவிலக்கு, அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.)

துறைகள் தத்தம் போக்கில் இயங்கினால் நேர்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அறுவைக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேனில், படம் தெளிவாகத் தெரிய அயோடின் அடங்கிய மருந்தை ஊசி மூலம் ஏற்றுவதுண்டு. அந்த அயோடின் உடலில் சில வாரங்கள் தங்கும். அதுவரை கதிரியக்க அயோடின் சிகிச்சையைத் தள்ளிவைக்க நேரும். கட்டி மூச்சுக்குழாயை நெருக்கும்போது அந்த ஸ்கேன் அவசியமே, தாமதத்தை ஏற்றுக்கொள்ளலாம். எது அவசியம் என்பதை அறுவை மருத்துவரும் அணு மருத்துவ நிபுணரும் பேசித்தானே முடிவு செய்ய வேண்டும்?

திசுவை நுண்ணோக்கியில் காணும் நோய்க்குறியியல் மருத்துவரை நோயாளிகள் சந்திப்பதே இல்லை. எனினும் பாதையைத் தீர்மானிப்பவர் பல வேளைகளில் அவரே. உறைக்குள் அடங்கி, பரவாதிருந்த ஒரு வகைக் கட்டியிலிருந்து ‘புற்றுநோய்’ என்ற பெயரையே 2016-இல் உலக நிபுணர்கள் நீக்கினர். மறுபுறம், அவர் ‘மெடுல்லரி’ என்று எழுதினால் அனைத்தும் மாறும். அவ்வகைக்குக் கதிரியக்க அயோடின் பயன்படாது. அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்தாக வேண்டும். பாராமல் மயக்க மருந்து கொடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். இந்நோய் மரபுவழியும் வருவதால், ரெட் மரபணுச் சோதனை நோயாளிக்கும், அதில் மாற்றம் தெரிந்தால் அவர் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தாருக்கும் தேவைப்படும். இவ்வளவையும் ஒரு மருத்துவர் தனியே நினைவில் வைத்து நடத்துவார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமன்று.

குழு என்றாலே சிகிச்சை பெருகும், செலவும் பெருகும் என்று அஞ்சுவோர் உண்டு. அலைச்சலும் நாள்கூலி இழப்பும் உண்மையானவை, மறுக்கவில்லை. ஆயினும் குழு பல நேரங்களில் சிகிச்சையைக் குறைக்கவே செய்கிறது. பரவாத சிறு கட்டிகளுக்குச் சுரப்பியின் ஒரு பாதியை மட்டும் நீக்குவதே போதுமானதாக இருக்கலாம். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, 1 சென்டிமீட்டருக்கும் குறைவான, ஆபத்துக் குறைந்த பாப்பில்லரி கட்டிகளை அறுக்காமல் ஸ்கேன் மூலம் கண்காணிக்கும் முறையை 1993-இலேயே தொடங்கியது. தென் கொரியாவில் நடந்தது வேறு. கழுத்து ஸ்கேன் பரவலானதும், 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோரின் விகிதம் 1993-ஐப்போல் 15 மடங்காயிற்று. இறப்பு விகிதமோ மாறவில்லை. தேவையற்ற அறுவைகளின் சுமையைப் பலர் வாழ்நாள் முழுதும் சுமந்தனர்.

அச்சுமை சிறிதன்று. குரல் நரம்பு தைராய்டை ஒட்டியே செல்கிறது. கால்சியத்தைச் சீராக வைக்கும் நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் அரிசி மணியளவே இருந்து அதன் பின்புறம் ஒட்டியுள்ளன. அறுவைக்குப்பின் உதடும் விரல்நுனியும் மரமரத்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை வீட்டார்க்குச் சொல்லித்தரும் செவிலியரும், கம்மிய குரலை மீட்கும் பேச்சுப் பயிற்சியாளரும், தைராக்ஸின் அளவை ஆண்டுக்கணக்கில் திருத்தித்தரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் குழுவினரே. கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்கு, கதிரியக்க அயோடினுக்குப்பின் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்வதும் இவர்கள் பொறுப்பு.

ஆகவே அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: என் அறிக்கைகளைக் குழு கூடிப் பார்த்ததா? அதன் முடிவை எழுத்தில் தருவீர்களா? வீடு திரும்பியபின் ஐயம் எழுந்தால் யாரை அழைப்பது? கேட்பதை அவமரியாதை என்று எந்த நல்ல மருத்துவரும் கருதமாட்டார். கோப்பைச் சுமந்துகொண்டு, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் ஒப்பிக்கும் தூதர் வேலை நோயாளியின் மகனுக்கோ மகளுக்கோ உரியதன்று. அது மருத்துவமனையின் வேலை.