காவலுக்குக் காவல் யார்?

பாபநாசத்தில் பொருநை நீர் மின்சாரமான ஆண்டு 1944. அந்நாளில் மின்சாரம் நின்றால் விளக்கு அணையும். அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொள்வோம். இன்று மின்சாரம் நின்றால் பட்டா நிற்கிறது. முதியோர் உதவித்தொகை நிற்கிறது. மருத்துவமனைச் சீட்டு நிற்கிறது. ஏழையின் கணக்கெல்லாம் கணினிக்குள் குடியேறிவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நெல்லைச் சீமை மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கினர். மின்சாரம் போயிற்று, பின்னாலேயே கைப்பேசியும் ஊமையாயிற்று. 'உயிரோடிருக்கிறேன்' என்று ஒரு சொல் சொல்ல வழியின்றித் தவித்தார்கள் மக்கள்.

"யு.பி.எஸ். இருக்கிறதே, ஜெனரேட்டர் இருக்கிறதே" என்பார்கள் அதிகாரிகள். இருக்கிறது, யார் மறுத்தார்? வேளை வரும்போது வேலை செய்யுமா என்பதே நம் கேள்வி.

பாட்டரி சாகும்போது ஓசை எழுப்பாது. மூடிய ஈயப் பாட்டரியின் ஆயுள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு; அதுவும் 25 டிகிரி வெப்பத்தில். பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நெல்லை வெயிலில், காற்றில்லாத மூலையில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? தொடராகக் கோத்தவற்றில் ஒன்று செத்தால் வரிசையே விழும். வெளியே பச்சை விளக்கு மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்!

இன்னொன்று. பல கணினிகள் ஒன்றாக உழைக்கும் கூடத்தில், யு.பி.எஸ்.ஸின் நிலையை ஒரு கணினி கவனித்து, "பாட்டரி தீர்கிறது, கோப்புகளை மூடுங்கள்" என்று மற்றவற்றுக்குச் சொல்லும். அந்தச் செய்தியைக் கடத்தும் நெட்வொர்க் ஸ்விட்சை யு.பி.எஸ்.ஸில் இணைக்க மறந்தால்? மின்சாரம் போன கணமே அது அணையும்; செய்தி சேராது; எழுதிய கணக்கு பாதியில் அறுபடும். ஒரு வயரில் தப்பியிருக்க வேண்டிய கேடு!

செல்வ நாடுகளுக்கும் இந்தப் பாடம் கிடைத்தது. 2025 செப்டம்பர் 26இல் தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசுக் கணினிக் கூடத்து யு.பி.எஸ். பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீ பிடித்தது. பத்தாண்டு உத்தரவாதம் கழிந்த பாட்டரிகள் அவை. 647 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர் கோப்புகளைச் சேர்த்து வைத்த பெட்டகம் ஒன்று நகலின்றி அழிந்தது.

நாம் கேட்பது கோடி ரூபாய்த் திட்டமல்ல. மாதம் ஒருமுறை, முன்னேற்பாட்டோடு, மின்சாரத்தை நிறுத்திச் சோதியுங்கள். பாட்டரியின் மேல் வாங்கிய தேதியை எழுதுங்கள். வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். அபாய மணி அடித்தால் ஓடிவர ஓர் ஆளை நியமியுங்கள். அவருக்குக் கையுறையும் நிலையான வேலையும் கொடுங்கள். கொதிகலனுக்கு ஆள் வைக்காமல் மில் ஓட்டியதுண்டா?

தோழர்களே! உங்கள் ஊர் அலுவலகத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள்: பாட்டரி வாங்கிய ஆண்டு எது? கடைசியாகச் சோதித்த நாள் எது? பொறுப்பாளர் யார்? பதில் வரும்வரை கேளுங்கள். அடுத்த மழை நமக்காகக் காத்திருக்காது.