துருப்பிடிக்கும் மிதிவண்டியும் வட்டிக்கு வாங்கிய பைக்கும்



தமிழக அரசு பிளஸ் 1 மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய திட்டம், பின்னர் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் விரிந்தது. பொன்னேரியில் நம் பிள்ளைகளும் பெறுகிறார்கள். பெற்று என்ன செய்கிறோம்? சில வீடுகளில் அது மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது. சில வீடுகளில் பாதி விலைக்குக் கைமாறுகிறது. வாசலிலோ தவணைக்கு எடுத்த பைக் நிற்கிறது.

அந்தத் தவணையில் வட்டி இல்லையா? வட்டி ஹராம் என்று ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாம், ஃபைனான்ஸ் படிவத்தில் கையெழுத்திடும்போது மட்டும் ஏன் மறக்கிறோம்? "சைக்கிளில் போனால் மதிப்பில்லை" என்பதே நம் பதில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புபவருக்குப் பைக் அவசியம்தான். அவருக்கு வட்டியில்லாக் கடன் தர ஜமாஅத்தின் பைத்துல்மால் முன்வரட்டும். ஆனால் ரயில் நிலையத்துக்கும் கடைவீதிக்கும் பள்ளிவாசலுக்கும் போக மிதிவண்டி போதாதா? மனிதரிடம் மதிப்புத் தேடி அல்லாஹ் தடுத்ததைச் செய்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

உரிமம் பெறும் வயது வராத மகனிடம் சாவியைக் கொடுக்கும் தந்தையரே! 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அதைவிடப் பெரிது, பிள்ளையின் உயிர் நம்மிடம் உள்ள அமானிதம் என்பது.

"கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் மிதிவண்டியா?" என்பீர்கள். அச்சம் நியாயமே. ஆனால் லாரி பைக்கை மட்டும் விட்டுவைக்கிறதா? 2014 ஜூலை மத்திய பட்ஜெட்டில் 'ஸ்மார்ட் சிட்டி' என அறிவிக்கப்பட்ட ஊர் பொன்னேரி. மிதிவண்டிக்கென ஒரு தனிப்பாதை கேட்டு நம் ஜமாஅத்துகள் மனு கொடுத்தால் என்ன?

"பெண் பிள்ளை ஓட்டலாமா?" என்று இன்னும் கேட்போர், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றதை அறியட்டும். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். கண்ணியமான உடையோடு கல்விக்குச் செல்லும் மகளைத் தடுப்பது மார்க்கமன்று; ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் கோழைத்தனம்.

இந்த வாரமே அந்த மிதிவண்டியை வெளியே எடுங்கள். காற்றடித்து, எண்ணெயிட்டு, ஜும்ஆவுக்கு அதிலேயே வாருங்கள். தந்தை ஏறினால் மகனுக்கு வெட்கம் தீரும். அல்லாஹ் நம் அனைவருக்கும் போதுமென்ற மனத்தைத் தருவானாக. ஆமீன்.