முதற்படி சிறைக்கூடமன்று

தென்னையும் கடலும் வாழ்வளிக்கும் புத்தளக் கரையோரத்தில், சிலாபம் முதல் கற்பிட்டி வரை, கள்ளும் கசிப்பும் பழைய கதை. ஹெரோயின் பின்னர் வந்தது. குடிகாரனைத் திருத்த நமது சமுதாயம் அறிந்த வழிகள் இரண்டே: கோயிலிற் சத்தியம்; இன்றேல் அறையில் அடைப்பு. “மனம் வைத்தால் விடலாம்” என்பதே இரண்டுக்கும் மந்திரம்.

மனத்தை மட்டும் பற்றிய நோயா இது? நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதனையடுத்து நடுக்கமும் சித்தக்கலக்கமும் தோன்றி உயிரையும் பறிக்கலாம். டயசிபாம் போன்ற மருந்தை அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தும், தயமின் ஏற்றியும் வைத்தியர் தடுக்கக்கூடிய மரணம் அது. சத்தியம் காத்தவன் சாக, மீறியவன் பிழைப்பதோ அறம்?

ஹெரோயினை விடுவோனுக்கு வேதனை கடுமையாயினும் அதனால் மரணம் அரிது. ஆபத்து அதன் பின்னரே. உடலின் தாங்குதிறன் குறைந்தபின் பழைய அளவையே மீண்டும் எடுப்பவன் மூச்சடங்கி இறக்கலாம். ஆதலின் நஞ்சகற்றல் முதற்படி மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்த மெதடோன் முதலியனவும், ஆலோசனையும், தொழிலும் தொடர்தல் வேண்டும்.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. 2022 யூனில் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். வேலி வைத்தியனாகாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சிலாபத்திலும் புத்தளத்திலும் அரசினர் வைத்தியசாலைகள் உள. மீனவனும் கள்ளிறக்குவோனும் வெட்கமின்றி அவற்றின் வாயிலை அணுகி, கட்டிலும் கனிவும் பெறும் நாள் வரவேண்டும். முதற்படி அதுவே.